ஒரே வரியில் ஒரு பாட்டு

கோவையில் உக்கடம், டவுன்ஹால் பக்கத்துப் பழைய சாமான் கடைகளில், உடைந்த மின்விசிறிக்கும் பித்தளைக் குத்துவிளக்குக்கும் நடுவே கைக்கு அடக்கமான கறுப்புத் தட்டுகள் சில வேளைகளில் அகப்படும். விட்டம் 17.5 சென்டிமீட்டர். நடுவே ஒட்டிய வண்ணச் சீட்டில் படத்தின் பெயர், பாடியவர் பெயர், 45 என்ற எண். அப்படி ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு பக்கத்தில் எத்தனை வரிகள் இருக்கின்றன?

நூற்றுக்கணக்கில் என்பீர்கள். உண்மையில் இருப்பது ஒன்றே ஒன்று! கொசுவர்த்திச் சுருளைப்போல வெளி விளிம்பில் தொடங்கி உள்நோக்கிச் சுற்றிவரும் ஒரே பள்ளம் அது. தட்டு நிமிடத்துக்கு 45 முறை சுழல்கிறது. ஆகவே மூன்று நிமிடப் பாட்டு 135 சுற்றுகளில் முடிந்துவிடும்.

பள்ளத்தின் சுவர்கள் நேராக இல்லை. பாட்டின் அதிர்வுக்கேற்ப இடமும் வலமும் நெளிகின்றன. அதில் ஓடும் ஊசியும் அவ்வாறே ஆடுகிறது. அந்த ஆட்டம் மின்னலையாக மாறி, பெருக்கப்பட்டு, ஒலிபெருக்கியில் மறுபடி ஒலியாகிறது. தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். உரத்த இடங்களில் நெளிவு பெரிது; அங்கே பளபளப்பு வேறாகத் தெரியும். மெல்லிய இடங்கள் வழவழவென்று கறுத்திருக்கும். கேட்பதற்கு முன்பே பாட்டைக் கண்ணால் பார்க்கலாம் என்பதே இந்தச் சேகரிப்பின் முதல் இன்பம்.

இந்த 45 சுற்றுத் தட்டை 1949-இல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனம் வெளியிட்டது. வினைல் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனது. அதற்கு முந்தியவை நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற அரக்குத் தட்டுகள். கோவையின் பட்சிராஜா நிறுவனம் 1954-இல் எடுத்த 'மலைக்கள்ளன்' காலத்தில் நம் வீடுகளில் ஒலித்தவை அவையே. கீழே விழுந்தால் அப்பளமாய் நொறுங்கும். சாராயம் கலந்த திரவத்தால் துடைத்தால் அரக்கே கரைந்துவிடும். வினைல் அப்படி நொறுங்காது. ஆனால் வெயிலைத் தாங்காது. சித்திரை மாதத்தில் கதவடைத்த காருக்குள் வைத்துவிட்டுப் போனால் தட்டு நெளிந்துவிடும்.

வெயிலைவிடப் பெரிய பகை ஊசிதான். அதன் பாரம் சில கிராம்தான் என்றாலும், அது தொடும் இடமோ கண்ணுக்கே தெரியாத அளவு. கணக்கிட்டால் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஆயிரம் கிலோகிராமையும் தாண்டும். தேய்ந்த ஊசி பள்ளத்தை உழுதுவிடும். உழுததை மீட்க வழியில்லை. மாரியம்மன் நோம்பிக்கு விடிய விடிய ஒலித்த மைக் செட்காரரின் தட்டுகள் பெரும்பாலும் இந்தக் கதிக்கு ஆளானவை. அவற்றில் வரிகள் சாம்பல் பூத்தாற்போல் வெளுத்திருக்கும்.

சரி, கடைக்காரர் ஓட்டிக் காட்டுகிறேன் என்கிறார். எந்த இடத்தைக் கேட்பீர்கள்? பலரும் தொடக்கத்தைக் கேட்டுவிட்டுக் காசை நீட்டுகிறார்கள். அது சரியான சோதனை அல்ல. விளிம்பருகே பள்ளம் ஊசியடியில் வினாடிக்குச் சுமார் 40 சென்டிமீட்டர் ஓடுகிறது. சீட்டருகே சுற்று சிறியது, ஆகவே சுமார் 25 சென்டிமீட்டர்தான். வினாடிக்கு 10,000 அதிர்வுள்ள ஓர் ஒலிக்கு விளிம்பில் ஒரு நெளிவு 0.04 மில்லிமீட்டர் நீளம் பெறும், உள்ளே 0.025 மில்லிமீட்டருக்குள் அது அடங்கவேண்டும். நெருக்கமான நெளிவுகளே முதலில் தேய்கின்றன. எனவே உள்ளே உள்ள கடைசிச் சரணத்தை ஓட்டச் சொல்லுங்கள். 'ச', 'ஷ' போன்ற எழுத்துகள் தெளிவாக வருகின்றனவா, எண்ணெயில் கடுகு பொரிவதுபோல் சீறுகின்றனவா என்று கவனியுங்கள். அவற்றில்தான் உயர் அதிர்வுகள் மிகுதி.

தமிழ்ப் படத் தட்டுகளில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு பாட்டு கொண்டவை ஏராளம். இடம் போதாமல் அவற்றில் பள்ளத்தின் சுற்றுகள் நெருங்கியிருக்கும். அகலமாக நெளிய இடமில்லாததால் ஒலியும் சற்றுத் தணிந்தே கேட்கும். பக்கத்துக்கு ஒரு பாட்டே உள்ள தட்டு கிடைத்தால் விடாதீர்கள்! என் கணிப்பில் அட்டைப்படத்தின் அழகைவிட இதற்கே மதிப்பு அதிகம்.

வாங்கியதைப் படுக்கவைத்து அடுக்காமல், புத்தகம்போல் நிறுத்தி வையுங்கள். முழுதும் தேய்ந்துபோன தட்டொன்று இலவசமாகக் கிடைத்தால் அதையும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு சோதனைக்கு ஆகும். தடித்த காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி, நுனியில் தையல் ஊசியைக் குத்தி ஒட்டுங்கள். (நல்ல தட்டில் இதைச் செய்யவே கூடாது.) தட்டின் நடுத்துளையில் ஒரு பென்சிலை இறுக்கமாகச் செருகி, 4 வினாடிக்கு 3 சுற்று வீதம் நண்பர் ஒருவரைச் சுழற்றச் சொல்லுங்கள். ஊசிமுனை பள்ளத்தை மெல்லத் தொடும்படி கூம்பைப் பிடித்தால், மின்சாரமே இல்லாமல் கூம்புக்குள்ளிருந்து பாட்டு வரும். நண்பரின் கை தளரும்போதெல்லாம் பாடகரின் குரலும் கட்டையாகும்.