போர்ஷன் ரெண்டு... பங்கு மூணு!

'ஓசூர், தேர்ப்பேட்டை. கீழே ஒரு போர்ஷன், மேலே ஒரு போர்ஷன். புதுப்பித்த வீடு. விலை 60 லட்சம். வில்லங்கம் இல்லை.'

விளம்பரத்தைப் பார்த்ததும் நண்பன் துள்ளினான். "மேலே நான், கீழே நீ. ஆளுக்குப் பாதி. என்னடா சொல்றே?"

பகலில் சிப்காட்டில் கணக்கு, ராத்திரியில் கட்டுரை என்று எழுதிப் பிழைக்கிற எனக்கு முழு வீடு ஏது? சரி என்றேன்.

'ஹொச ஊரு' என்றால் கன்னடத்தில் புது ஊர். பேர்தான் புதுசு. சந்திர சூடேஸ்வரர் மலையடிவாரத் தெருக்கள் ரொம்பப் பழசு. 1980-களில் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று வரிசையாக வந்த பிறகுதான் ஊர் நாலு பக்கமும் ஓட ஆரம்பித்தது. பெங்களூர் 40 கிலோமீட்டர்தான் என்பதால் வீட்டு விலையும் கூடவே ஓடுகிறது!

புரோக்கர் தெலுங்கில் வரவேற்று, கன்னடத்தில் புகழ்ந்து, தமிழில் விலை சொன்னார். பெயின்ட் வாசனை தூக்கியது. ஓட்டுக்குப் பதில் கான்கிரீட், திண்ணைக்குப் பதில் பைக் நிறுத்த இடம். ஆனால், தண்ணித் தொட்டி ஒண்ணு, மோட்டார் ஒண்ணு, கரன்ட் மீட்டர் ஒண்ணு. குடும்பம் மட்டும் ரெண்டு. சண்டைக்கு முகூர்த்தம் குறித்தாச்சு!

அடுப்படியிலிருந்து ஓர் அக்கா காபி கொண்டுவந்தார்.

"வீடு யார் பேர்லக்கா?"

"அப்பா சம்பாத்தியத்துல வாங்கினது. தம்பிங்க ரெண்டு பேரும் விக்கறாங்க."

"அப்பா உயில் எழுதினாரா?"

"இல்லப்பா, திடீர்னு போயிட்டார். அம்மாவும் இல்லை."

"உங்க பங்கு?"

"நான் பொண்ணுதானேப்பா..."

பி.காம்.மில் படித்த சட்டப் பேப்பர் அன்றைக்குத்தான் கைகொடுத்தது. உயில் எழுதாமல் அப்பா இறந்தால், அவருடைய சுயசம்பாத்தியச் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. இது 1956-ம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டம். எல்லோரும் சொல்கிற 2005 திருத்தம் பூர்வீகச் சொத்துக்கு. ஆக, போர்ஷன் ரெண்டு, பங்கு மூணு!

அப்புறம் எப்படி 'வில்லங்கம் இல்லை'? வில்லங்கச் சான்றிதழில் பதிவான பத்திரம்தான் தெரியும். பதியாத உயில் தெரியாது. காபி கொடுக்கிற அக்காவும் தெரியமாட்டார். அதனால்தான் தாய்ப் பத்திரத்தோடு வாரிசுச் சான்றிதழும் கேட்க வேண்டும். அதில் இருக்கிற எல்லோரும் கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும்; அல்லது விடுதலைப் பத்திரம் பதிந்திருக்க வேண்டும்.

செலவையும் மறக்காதீர்கள். தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலிலிருந்து முத்திரைத் தீர்வை 7 சதவிகிதம், பதிவுக் கட்டணம் 2 சதவிகிதம். 60 லட்சத்துக்கு 5 லட்சத்து 40 ஆயிரம். பெரும்பாலும் இதற்கு வங்கி கடன் தராது, கைக்காசுதான்.

தம்பிகளிடம் விஷயத்தைச் சொன்னேன். "அக்கா எதையும் கேக்க மாட்டாங்க சார்!" என்றார்கள்.

கேட்காதது வேறு, இல்லாதது வேறு. அட்வான்ஸ் கவரைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினோம்.

ரெண்டு மாசம் கழித்து போன். "அக்கா கையெழுத்துப் போடறாங்க சார். அவங்க பங்குக்குத் தனி செக்."

"விலை?"

"66 லட்சம். அக்காவுக்குக் குடுக்கணுமில்ல!"

எங்கள் கைக்கு எட்டாத விலை. இன்னும் வாடகை வீடுதான். நண்பன் பார்க்கும்போதெல்லாம், "உன் பி.காம்.மால எனக்கு வீடு போச்சுடா" என்கிறான்.

நம் கணக்கில் பற்று விழுந்தால் எங்கேயோ வரவு இருக்க வேண்டுமே? இருக்கிறது... அந்த அக்கா பேரில்!