சவ்வைத் தாண்டும் குரோமியம்

வாணியம்பாடியில் தோல் பதனிடும் ஷாப்பின் டிரம்மிலிருந்து ஈரம் சொட்டச் சொட்ட வெளிவரும் தோல் வெளிர்நீலமாக இருக்கும். 'வெட் புளூ' என்பார்கள். அந்த நீலத்தைத் தருவது குரோமியம்-3. உயிரணுவின் சவ்வை அது எளிதில் கடக்காது. புற்றுநோயை உண்டாக்கும் என்பதற்குப் போதிய சான்றும் இல்லை.

குரோமியம்-6 அப்படியல்ல. பாலாற்றோடு கிழக்கே போனால் ராணிப்பேட்டை. அங்கே சோடியம் டைகுரோமேட் தயாரித்து, 1990களில் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை விட்டுச்சென்ற ஒரு லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவில் இருப்பது இதுதான்.

உடலுக்கு வேண்டிய உப்பான சல்பேட்டுக்கு உயிரணுச் சவ்வில் தனி வழி உண்டு. குரோமியம்-6 இருக்கும் குரோமேட்டின் வடிவமும் சல்பேட்டைப் போன்றதே. ஆள்மாறாட்டம் செய்து அதே வழியில் நுழைந்துவிடுகிறது. உள்ளே வைட்டமின் சி போன்றவை அதைக் குரோமியம்-3 ஆக மாற்றுகின்றன. வெளியே நின்றபோது பெரிதாகத் தீங்கு செய்யாத அதே பொருள், உள்ளே உருவாகும்போது டி.என்.ஏ.வில் ஒட்டிக்கொண்டு இழைகளை உடைக்கிறது.

உடைசலைச் சரிசெய்ய உயிரணுவிடம் புரதங்கள் உண்டு. முடியாதபோது, பி53 என்ற புரதம் அந்த உயிரணுவைச் சாகவைக்கும். பி53 மரபணுவே பழுதானால் தடுக்க ஆளில்லை. பழுதான உயிரணு பெருகுகிறது. அதன் வழித்தோன்றல்களில் ஒன்று இன்னொரு பழுதைச் சேர்த்துக்கொள்கிறது. ஒரே பிழையில் புற்றுநோய் வருவது அரிது. இருபது, முப்பது ஆண்டுகள் பிடிப்பது அதனால்தான்.

நுண்ணோக்கியில் நோயியல் மருத்துவர் பார்ப்பது இந்தப் படிகளையே. சாயமேற்றிய திசுவில் உட்கருக்கள் பெருத்து, கருத்து, வரிசை குலைந்து கிடக்கும். அவர் முக்கியமாகத் தேடுவது மேல்திசுவுக்குக் கீழே ஓடும் மெல்லிய அடித்தளச் சவ்வை. அது அறுபடாதவரை நோய் முளைத்த இடத்திலேயே இருக்கிறது. வெட்டியெடுத்தால் பெரும்பாலும் குணமாகிவிடும். அறுபட்டால், ரத்தக்குழாயும் நிணநீர்க்குழாயும் பக்கத்திலேயே இருக்கின்றன. கொழுப்புக்கட்டி போன்ற சாதாரணக் கட்டிகள் எவ்வளவு பெருத்தாலும் இப்படி ஊடுருவிப் பரவுவதில்லை.

குரோமியத்தை மட்டும் பேசிவிட்டுப் போக முடியாது. இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷைரில் ஷூத் தொழிலாளர்களிடம் அரிதான மூக்குப் புற்றுநோய் வழக்கத்தைவிட அதிகம் காணப்பட்டது 1970-இல் வெளியான ஆய்வில் பதிவானது. இன்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, தோல் தூசியை உறுதியான புற்றுக்காரணிகளின் வரிசையில் வைத்திருக்கிறது. தோலைத் தேய்த்துத் தூசி கிளப்பும் பஃபிங் மெஷின் ஓடும் ஒவ்வொரு இடத்திலும் தூசி உறிஞ்சும் கருவி வேலை செய்தே ஆகவேண்டும்.

நோய் தெரியவரும்போது தொழிலாளி வேலையை விட்டே பல வருஷம் ஆகியிருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் மூக்கடைப்பு, அடிக்கடி ரத்தக்கசிவு என்று ஆஸ்பத்திரிக்குப் போகிறவர், டாக்டர் கேட்காவிட்டாலும், பஃபிங்கில் எத்தனை வருஷம் வேலை பார்த்தார் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.