உல்லன் நூல் வாங்கினால் வித்தை இலவசம்!
வெயில் கொளுத்தும் சென்னையில் பின்னல் நூல் கடைகள் பிழைக்கும் ரகசியம்

சென்னை நகரில் வெப்பமானி 20 டிகிரியைத் தொட்டாலே "என்னா குளுருடா சாமி!" என்று போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்ளும் ஜனங்கள் நாம். இந்த ஊரில் ஸ்வெட்டர் நூல் விற்று ஒருவர் பிழைக்க முடியுமா?

முடிகிறது! தி.நகர், மயிலாப்பூர், புரசைவாக்கம் என்று எங்கே போனாலும் லைனிங் துணி, பட்டன், லேஸ் விற்கும் கடைகளுக்கு நடுவே உல்லன் நூல் உருண்டைகள் கலர் கலராய்த் தொங்குகின்றன. பாரிமுனைப் பக்கம் போனால் மொத்த விலைக்கே கிடைக்கும்.

இந்தக் கடைகளில் நூலோடு இன்னொரு சரக்கும் கைமாறுகிறது. அதற்கு பில் கிடையாது. அதுதான் பின்னல் வித்தை!

யார் வாங்குகிறார்கள்?

முதல் வாடிக்கையாளர், பிறக்கப்போகும் குழந்தையின் பாட்டி. மகளுக்கு வளைகாப்பு முடிந்த கையோடு குல்லா, காலுறை, குட்டி ஸ்வெட்டர் என்று ஒரு 'செட்' பின்ன நூல் வாங்க வந்துவிடுவார்.

அடுத்து வெளியூர் பயணிகள். காசி, பத்ரிநாத் போகிறவர்கள், அமெரிக்காவில் பிள்ளை வீட்டுக்குக் கிளம்புகிறவர்கள். மார்கழி வந்தால் மங்கி குல்லா கேட்டு வருகிறவர்கள் தனி ரகம்.

வருஷம் முழுவதும் கடையை ஓட வைப்பது வேறு சாமான்கள். வாசல் தோரணம், மேஜை விரிப்பு, கைப்பை, பூஜைக் கூடை உறை. இப்போது புதிதாய்ச் சேர்ந்திருப்பது அமிகுருமி. ஜப்பான் பாணியில் குரோஷா ஊசியால் பின்னும் குட்டி பொம்மைகள். கல்லூரி மாணவிகள் இதற்காகவே நூல் வாங்குகிறார்கள்.

வெயிலுக்கு ஏற்ற பருத்தி குரோஷா நூலும் இருக்கிறது. ஆகவே 'குளிர் இல்லாத ஊரில் நூல் எதற்கு' என்ற கேள்வியே தப்பு!

சுப்ரீம் கோர்ட் ஏறிய ஊசி

கடையில் தொங்கும் அக்ரிலிக் நூல் பெரும்பாலும் பஞ்சாபின் லூதியானா சரக்கு. கம்பளி, பின்னலாடை என்றாலே நாட்டில் அந்த ஊர்தான்.

ஆனால் ஊசி நம்ம ஊர்! நீலகிரி மாவட்டம் கேட்டியில் 1949-ல் தொடங்கிய ஊசித் தொழிற்சாலைதான் 'போனி' ஊசிகளின் தாய்வீடு. இங்கிலாந்துக் கம்பெனியின் கிளையாகத் தொடங்கி, பிறகு இந்தியர் கைக்கு மாறிய நிறுவனம் அது. வெளிநாட்டார் பங்கைக் குறைக்கச் சொன்ன அன்னியச் செலாவணிச் சட்டத்தால் அங்கே பங்குத் தகராறு மூண்டது. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய் 1981-ல் தீர்ப்பானது. கம்பெனி சட்டம் படிக்கும் மாணவர்கள் அந்தத் தீர்ப்பை இன்றும் படிக்கிறார்கள். பாட்டி கையில் இருக்கும் பின்னல் ஊசிக்குப் பின்னால் இப்படி ஒரு கதை!

முக்காலிதான் முதலீடு

நூல் வியாபாரத்தில் ஒரு வில்லங்கம் உண்டு. அரிசி தீர்ந்தால் மறுபடி அரிசி வாங்கித்தான் ஆகவேண்டும். நூல் அப்படி அல்ல. பின்னத் தெரியாமல் பாதியில் நின்றுபோனவர், பின்னலை அலமாரியில் போட்டுவிட்டு அந்தக் கடைப் பக்கமே தலைகாட்ட மாட்டார்.

அதனால்தான் விவரம் தெரிந்த கடைக்காரர்கள் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டிருப்பார்கள். அது வாடிக்கையாளர் உட்காருவதற்கு.

"அக்கா, ரெண்டு சாண் போட்டேன். ஓரம் கோணலா போகுதுக்கா" என்று ஒரு பெண் பையிலிருந்து பின்னலை எடுப்பாள்.

"எங்க காட்டு பாப்போம். ஒவ்வொரு வரிசைலயும் கடைசிக் கண்ணியை விட்டுட்டு வர்றே கண்ணு. எண்ணிப் பாரு. இருபதுல ஆரம்பிச்சது பதினாலுல நிக்குது பாரு."

விஷயம் அவ்வளவுதான். 2 நிமிஷ வேலை. இதைச் சொல்ல ஆள் இல்லாவிட்டால் அந்தப் பெண் பின்னலையே கைவிட்டிருப்பாள்.

ஊசியிலிருந்து ஒரு கண்ணி நழுவி ஏணிப்படி மாதிரி கீழே இறங்கிவிட்டாலும் இதே கதைதான். முழுவதையும் பிரிக்கத் தேவையில்லை. குரோஷா ஊசியை விட்டு, ஒவ்வொரு படியாக நூலைக் கொக்கி போட்டு மேலே இழுத்துவந்தால் கண்ணி பழைய இடத்துக்கு வந்துவிடும். இதைக் கண்ணெதிரே ஒரு தடவை பார்த்தவர் அப்புறம் பயப்பட மாட்டார்.

லாட் நம்பர் தகராறு

கடையில் அதிகம் சண்டை வருவது எதனால் தெரியுமா? கலரால்!

"போன மாசம் இதே நீலம்தானே வாங்கினேன், இப்ப இது ஏன் வேற மாதிரி இருக்கு?" என்று வாடிக்கையாளர் கேட்பார். கடைக்காரர் முழிப்பார்.

காரணம் சாயத் தொட்டி. ஒவ்வொரு தடவை சாயம் ஏற்றும்போதும் நிறம் ஒரு நூல் அளவு மாறும். அதற்காகத்தான் உருண்டையின் காகிதப் பட்டையில் கலர் நம்பரோடு லாட் நம்பரும் அச்சிடுகிறார்கள். கலர் நம்பர் ஒன்றாக இருந்தாலும் லாட் நம்பர் மாறினால், முதுகு ஒரு நீலம், கை ஒரு நீலம் என்று ஸ்வெட்டர் காட்டிக்கொடுத்துவிடும். கடை விளக்கில் தெரியாது. வெயிலில் நின்றால் பளிச்சென்று தெரியும்!

பெரியவர்கள் ஸ்வெட்டருக்கு அரை கிலோ நூல் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 கிராம் உருண்டையில் 10. "ஒரேயடியா பத்தும் வாங்கிட்டுப் போங்க" என்றால், "தள்ளிவிடப் பார்க்கிறார்" என்று நினைப்பவர்கள் உண்டு. அதற்குக் கடைகளில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பத்தையும் பெயர் எழுதி எடுத்து வைத்துவிடுவது, ஐந்துக்கு மட்டும் பணம் வாங்குவது, மீதி மிஞ்சினால் பிரிக்காத உருண்டையைத் திருப்பி எடுத்துக்கொள்வது. இதில் கடைக்காரரின் முதல் முடங்கும். வாடிக்கையாளர் மனசு முடங்காது!

7 சென்டிமீட்டர் மர்மம்

"புத்தகத்துல போட்டபடியே பின்னினேன், வீட்டுக்காரருக்கு நுழையவே இல்ல!"

இதுவும் தினசரி புகார். கணக்கைப் பாருங்கள். புத்தகத்தில் 10 சென்டிமீட்டருக்கு 20 கண்ணி என்று இருக்கும். 80 சென்டிமீட்டர் சுற்றளவுக்கு 160 கண்ணி. பின்னுகிறவர் கை இறுக்கமாக இருந்தால் அதே 10 சென்டிமீட்டரில் 22 கண்ணி விழும். அப்போது 160 கண்ணிக்கு வருவது சுமார் 73 சென்டிமீட்டர்தான். 7 சென்டிமீட்டர் காணோம்!

மருந்து ஒன்றுதான். முதலில் 15 சென்டிமீட்டர் சதுரத்துக்கு ஒரு மாதிரித் துண்டு பின்ன வேண்டும். நடுவில் 10 சென்டிமீட்டரில் எத்தனை கண்ணி என்று எண்ண வேண்டும். அதிகம் இருந்தால் பெரிய ஊசி, குறைவாக இருந்தால் சின்ன ஊசி.

ஊசி நம்பரிலும் ஒரு குழி இருக்கிறது. நம் கடைகளில் புழங்கும் பழைய பிரிட்டிஷ் நம்பரில் எண் ஏற ஏற ஊசி மெலியும். 8-ம் நம்பர் 4 மில்லிமீட்டர், 10-ம் நம்பர் மூன்றேகால். அமெரிக்க நம்பரில் எண் ஏற ஏற ஊசி பருக்கும். அங்கே 8-ம் நம்பர் 5 மில்லிமீட்டர். வீடியோ பார்த்துவிட்டு "எட்டாம் நம்பர் குடுங்க" என்பவரிடம், "எந்த ஊர் எட்டு?" என்று கேட்பவர்தான் நல்ல கடைக்காரர்.

குரோஷாவிலும் இதே கூத்து. பிரிட்டிஷ்காரர் 'டபுள்' என்று சொல்வது குட்டைப் பின்னல். அதை அமெரிக்கர் 'சிங்கிள்' என்பார். அமெரிக்கர் 'டபுள்' என்றால் உயரப் பின்னல். அது பிரிட்டிஷ்காரருக்கு 'ட்ரெபிள்'. இது தெரியாமல் பின்னி, மேஜை விரிப்பு கைக்குட்டையாக முடிந்த கதைகள் எத்தனையோ!

சுவரில் தொங்கும் வாத்தியார்

கடைச் சுவரில் தொங்கும் ஸ்வெட்டரும் பொம்மையும் அலங்காரத்துக்கு மட்டும் அல்ல. நூலை உருண்டையாகப் பார்த்தால் பலருக்கு ஆசை வராது. பின்னி முடித்ததைத் தொட்டுப் பார்த்தால் உடனே "இதுக்கு எத்தனை உருண்டை ஆகும்?" என்ற கேள்வி வரும்.

அதனால் கல்லாவில் ஆள் இல்லாத நேரத்தில் கடைக்கார அம்மாள் கை சும்மா இருக்காது. மாதிரி பின்னிக்கொண்டே இருக்கும். வாடிக்கையாளர்களும் தாங்கள் முடித்ததைக் கொண்டுவந்து காட்டுவார்கள். என்ன நூல், என்ன ஊசி, எத்தனை கண்ணி என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பார்கள். அடுத்து வருகிறவர் அதைப் பார்த்துத் தொடங்குவார். நேற்று கற்றுக்கொண்டவர் இன்று வாத்தியாரம்மா!

"எல்லாத்தையும் சொல்லிக் குடுத்துட்டா அப்புறம் உங்ககிட்ட யார் வருவா?" என்று கேட்கிற அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களும் உண்டு. ஆனால் நடப்பது தலைகீழ். தோரணம் கற்றவர் அடுத்து பைக்கு நூல் வாங்குகிறார். பை முடித்தவர் தங்கையைக் கூட்டிக்கொண்டு வருகிறார்.

கை வேலைக்குக் கூலி எவ்வளவு?

பின்னுவது பொழுதுபோக்கு மட்டுமல்ல. சில வீடுகளில் அது பிள்ளைகள் பீஸ். இங்கேதான் நல்ல கடையின் புத்திமதி உண்மையில் காசாகிறது.

உதாரணமாக ஒரு குழந்தை ஸ்வெட்டர். நூல் 200 ரூபாய், வேலை 15 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். 500 ரூபாய்க்கு விற்றால் "முன்னூறு ரூபா லாபம்" என்று தோன்றும். வகுத்துப் பாருங்கள். மணிக்கு 20 ரூபாய்! அதுவும் பேரம் பேசி 400 ஆக்கினால் மணிக்கு 13 ரூபாய்தான். பட்டன், பஸ் செலவு தனி.

பக்கத்து ஆந்திராவில் இது பழைய கதை. நரசாபூர் வட்டாரத்தில் பெண்கள் வீட்டில் உட்கார்ந்து பின்னும் குரோஷா லேஸ் கப்பலேறிப் போனது. ஜெர்மன் ஆராய்ச்சியாளர் மரியா மீஸ் அந்தப் பெண்களைப் பற்றி 1982-ல் ஒரு புத்தகமே வெளியிட்டார். உலகச் சந்தைக்குச் சரக்கு செய்தும், 'வீட்டுப் பெண்கள் சும்மா இருக்கும் நேரத்தில் செய்வது' என்ற பெயரால் அவர்கள் உழைப்பு உழைப்பாகவே எண்ணப்படவில்லை என்பதைத்தான் அவர் எடுத்துக் காட்டினார். 2024-ல் நரசாபூர் லேஸுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்கு மதிப்பு வந்திருக்கிறது. கூலிக்கும் மதிப்பு வரவேண்டும் அல்லவா?

ஆகவே, பின்னத் தொடங்கும்போதே மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். விலை சொல்லும்போது நூல் விலையை மட்டும் பார்க்காமல் நேரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

50 கிரவுண்டு போர்வை!

சென்னைப் பெண்கள் கை சளைத்ததல்ல. 2016 ஜனவரியில் 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்' என்ற குழு இங்கே உலகத்திலேயே பெரிய குரோஷா போர்வையைச் செய்து கின்னஸ் சாதனை படைத்தது. பரப்பளவு 11,148.5 சதுர மீட்டர். நம் ஊர்க் கணக்கில் சுமார் 50 கிரவுண்டு! ஆளுக்குக் கொஞ்சம் பின்னிச் சேர்த்ததுதான் அத்தனையும்.

நூல் விஷயத்தில் இன்னொரு செய்தி. 2025 செப்டம்பர் 22 முதல் செயற்கை இழை நூலுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. அக்ரிலிக் நூல் இதில் அடங்கும். பில்லைப் பார்த்து வாங்குங்கள்.

நூல் வாங்கும்போது கவனிக்க...

* எல்லா உருண்டையிலும் லாட் நம்பர் ஒன்றா என்று பார்க்கவும். காகிதப் பட்டையை வேலை முடியும்வரை தூக்கி எறிய வேண்டாம்.

* குழந்தைக்கு என்றால் நூலைக் கன்னத்தில் வைத்துப் பார்க்கவும். உறுத்தினால் வேண்டாம்.

* அசல் கம்பளியை வெந்நீரில் போட்டுக் கசக்கினால் சுருங்கிக் கெட்டிப்பட்டுவிடும். பூச்சியும் அரிக்கும். அக்ரிலிக் நூலைப் பூச்சி தொடாது. ஆனால் இஸ்திரிப் பெட்டி பட்டால் தொய்ந்துவிடும்.

* முதல் வேலைக்குக் கறுப்பு நூல் வேண்டாம். கண்ணி கண்ணுக்குத் தெரியாது. வெளிர் நிறம் நல்லது.

* சந்தேகம் வந்தால் பின்னலைப் பிரிக்காமல் அப்படியே கடைக்கு எடுத்துப் போகவும். எங்கே தப்பு என்று அதுவே சொல்லிவிடும். மத்தியானம் 3 மணிக்குப் போனால் கூட்டம் குறைவு. கடைக்காரருக்கும் உட்கார்ந்து சொல்லித்தர நேரம் இருக்கும்!