வாலை ஆட்டுகிறது, ஆனால் வலிக்கிறது! கிழட்டு நாய்க்கு எப்போது விடை கொடுப்பது?

கடலூர்:

"அது இன்னும் வாலை ஆட்டுதே, சார்!"

சாகக் கிடக்கும் நாயைத் துணியில் சுற்றி, கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வருகிறவர்கள் சொல்லும் பேச்சு இது.

நாய் சாப்பிட்டு மூன்று நாள் ஆகியிருக்கும். பின்னங்கால் இரண்டும் துவண்டிருக்கும். படுத்த இடத்திலேயே எல்லாம் போயிருக்கும். ஆனாலும், வளர்த்தவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வால் மட்டும் தரையில் இரண்டு தட்டு தட்டும்.

அந்த வாலை நம்பித்தான் பல வீடுகளில் முடிவு தள்ளிப் போகிறது.

புயல் நாளில் வந்த குட்டி

கடலூர் முதுநகரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்காரர் ரிட்டயர்டு குமாஸ்தா. மகளைச் சிதம்பரத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறார். நாயின் பெயர் மணி. (தமிழ்நாட்டில் பாதி நாய்களுக்கு அதுதானே பெயர்!)

2011-ம் ஆண்டு டிசம்பர் 30-ந்தேதி விடியற்காலையில் "தானே" புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. அன்று நனைந்துபோய் இந்த வீட்டுத் திண்ணையில் ஒண்டிய குட்டிதான் மணி. வயது பதினான்கைத் தொட்டுவிட்டது. நாய் சாதிக்கு அது நல்ல கிழ வயது.

முதலில் குடம் குடமாய்த் தண்ணீர் குடித்தது. பிறகு வாந்தி. வாயில் கெட்ட நாற்றம். எலும்பும் தோலுமாகி விட்டது. ரத்தத்தைச் சோதித்த டாக்டர், "கிட்னி போயிடுச்சுங்க" என்றார். ஒரு வாரம் டிரிப் ஏற்றினார்கள். தேறவில்லை.

சிதம்பரத்தில் இருந்து மகள் போன் செய்கிறாள்.

"மணி எப்படிப்பா இருக்கு?"

"கெடக்குதும்மா. நேத்து ரெண்டு வாய் பால் குடிச்சுது."

"எழுந்து நிக்குதா?"

"நான் புடிச்சா நிக்கும்."

"நீங்க புடிக்கலைன்னா?"

பதில் இல்லை.

பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பக்கம்: "ராத்திரி பூரா கத்துது அண்ணே. ஒரு ஊசியப் போட்டு முடிச்சிடுங்க." வீட்டு அம்மாள் மறு பக்கம்: "வாயில்லா ஜீவனைக் கொன்ன பாவம் நமக்கு வேணாங்க. தானாப் போகட்டும்."

மூன்றாவதாக ஒரு யோசனையும் வந்து சேரும். "சாக்குல கட்டிக் குடுங்க, கண்காணாத எடத்துல விட்டுட்டு வந்துடறேன்." இதைச் சொல்ல ஊருக்கு ஊர் ஒரு ஆள் இருக்கிறார்!

இதில் எது சரி?

நாயின் குணமே அது

உடம்பில் வேல் பாய்ந்து நிற்கும்போதும் எஜமானைக் கண்டால் வாலைக் குழைக்கும் பிராணி என்று நாயைப் பற்றி நாலடியார் சொல்கிறது. நட்புக்கு உதாரணமாகச் சொன்னது அது. கால்நடை மருத்துவத்துக்கும் பொருந்துகிறது.

வால் என்பது நம்மைப் பார்த்த சந்தோஷம். உடம்பு நன்றாக இருக்கிறது என்பதற்கு அது சர்டிபிகேட் அல்ல.

நாய் தன் வலியைக் காட்டிக்கொள்வது குறைவு. கத்தினால்தான் வலி என்று இல்லை. வெயிலே இல்லாதபோது மேல்மூச்சு வாங்குவது, படுக்க முடியாமல் இடம் மாற்றி மாற்றிச் சுற்றுவது, கட்டிலுக்கு அடியில் போய் ஒளிவது, குழந்தை தொட்டாலும் உறுமுவது. இதெல்லாம் வலியின் பாஷை. பல நேரத்தில் வீட்டில் இருப்பவர்களுக்கு இது தெரியாது. மாதம் ஒரு தடவை வந்து போகும் மகளுக்குப் பளிச்சென்று தெரிந்துவிடும்.

70-க்கு எத்தனை மார்க்?

அமெரிக்காவில் ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற பெண் கால்நடை டாக்டர், 2004-ல் இதற்கு ஒரு கணக்கு வகுத்தார். ஏழு கேள்வி. ஒவ்வொன்றுக்கும் 10 மார்க்.

வலி அடங்கியிருக்கிறதா, மூச்சு சீராக வருகிறதா? பசி எடுக்கிறதா? தண்ணீர் இறங்குகிறதா? உடம்பு சுத்தமாக இருக்கிறதா? ஆள் வந்தால் உற்சாகம் உண்டா? தானாக எழுந்து நடக்கிறதா? கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா?

மொத்தம் 70. அதில் 35-க்கு மேல் வந்தால் வைத்துப் பராமரிக்கலாம். நம்மூர் பரீட்சையிலும் பாஸ் மார்க் 35தான். ஆனால் அது 100-க்கு!

சுத்தம் என்பதைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. நம் ஊர் வெப்பத்தில், எழுந்திருக்க முடியாத நாய்க்குப் படுக்கைப் புண் சீக்கிரம் வரும். ஈ உட்காரும். இரண்டொரு நாளில் புழு வைத்துவிடும். "தானாப் போகட்டும்" என்று விட்டுவைப்பவர்கள், அந்தத் "தானா" எத்தனை நாள் என்று கேட்பதில்லை.

மார்க் போடத் தெரியாவிட்டாலும் பாதகம் இல்லை. சுவரில் தினசரிக் காலண்டர் இருக்கிறதே! நல்ல நாளுக்கு ஒரு வட்டம், கெட்ட நாளுக்கு ஒரு பெருக்கல் குறி. மனம் பொய் சொன்னாலும் காலண்டர் சொல்லாது.

அவசரமும் கூடாது

வயசாகிவிட்டது என்பதற்காக மட்டும் ஊசி போடச் சொல்வது பெரிய தப்பு. கண் தெரியாத நாய் மூக்கை வைத்துக்கொண்டே வீடு முழுக்கச் சுற்றி வரும். காது போனாலும் காலம் தள்ளும். மூட்டு வலிக்கு மருந்து உண்டு. (வீட்டில் மனிதருக்கு வாங்கி வைத்த வலி மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். இபுபுரூபன் நாயின் வயிற்றையும் கிட்னியையும் கெடுத்துவிடும்.)

உண்ணிக் காய்ச்சலில் நாய் சுருண்டு விழுந்து, "செத்துப்போச்சு" என்றே தோன்றும். ரத்தம் பார்த்து மருந்து கொடுத்தால் பல நாய்கள் எழுந்து உட்கார்ந்துவிடும். ஆகவே முதலில் சோதனை; முடிவு பிறகு. கடலூரிலும் சிதம்பரத்திலும் அரசு கால்நடை ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. பெரிய சோதனை என்றால் புதுச்சேரி குரும்பாபேட்டையில் ராஜீவ்காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

இன்னொன்று. நாயின் நடத்தை திடீரென்று மாறி, எச்சில் வழிந்து, விழுங்க முடியாமல் தவித்தால் அது வெறிநோயாக இருக்கலாம். அங்கே பாசம் காட்டித் தடவிக் கொடுக்கக் கூடாது. உடனே டாக்டருக்குச் சொல்ல வேண்டும்.

காந்தியின் கன்றுக்குட்டி

இனி, பாவம் என்ற கேள்விக்கு வருவோம். அந்த அம்மாளை அரிப்பது அதுதான். இதே கேள்வி ஒரு காலத்தில் இந்தியாவையே உலுக்கியது.

1927-ல் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் வந்து பேசிவிட்டுப் போன காந்தியடிகள், அடுத்த ஆண்டு சபர்மதி ஆசிரமத்தில் ஒரு சங்கடத்தில் மாட்டிக்கொண்டார். ஆசிரமத்துக் கன்றுக்குட்டி ஒன்று ஊனப்பட்டுத் துடித்துக் கிடந்தது. புரட்டிப் போடக்கூட முடியாத வேதனை. கால்நடை டாக்டர் கை விரித்துவிட்டார்.

காந்தி ஆசிரமவாசிகளைக் கூப்பிட்டுக் கேட்டார். உயிரைக் கொடுக்க முடியாதவனுக்கு அதை எடுக்க என்ன உரிமை என்று ஆட்சேபம் வந்தது. அதையும் கேட்டுக்கொண்டார். கடைசியில், கனத்த மனதோடு, டாக்டரை வைத்து விஷ ஊசி போடச் சொன்னார். இரண்டு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அகிம்சை பேசுகிறவர் பசுவின் கன்றைக் கொன்றுவிட்டார்! ஊர் கொதித்தது. வசைக் கடிதங்கள் குவிந்தன. காந்தி மறைக்கவில்லை. 1928 அக்டோபரில் தம்முடைய பத்திரிகையிலேயே எழுதினார். ஊரின் எதிர்ப்பு வரும் என்று தெரிந்தே செய்ததாகச் சொன்னார். தன் லாபத்துக்காகவோ கோபத்திலோ கொன்றால்தான் இம்சை; தீர்க்க முடியாத வேதனையைத் தீர்க்கச் செய்தால் அது இம்சை ஆகாது என்பது அவர் வாதம்.

அவர் வாதத்தை ஏற்காதவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரருக்கு வேண்டியது தூக்கம். அந்தக் காரணத்துக்காக ஊசி போட்டால், காந்தியின் கணக்குப்படியே அது தவறு.

சட்டம் என்ன சொல்கிறது?

சாக்குப் பை யோசனைக்குத்தான் எந்தத் தர்மத்திலும் இடம் இல்லை. வேறு தெருவில் இறக்கிவிடப்பட்ட கிழ நாயை அந்தத் தெரு நாய்கள் கூடிக் குதறும். ஓட அதற்குக் கால் கிடையாது. பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி பிராணியைக் கைவிடுவது, 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் தடவை அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. 1960-ல் போட்ட தொகை! இன்றைக்கு டீயும் வடையும் சாப்பிடும் காசு. சோற்றில் விஷம் வைப்பதோ ஜெயிலுக்கே கொண்டுபோகும்.

இந்தச் சட்டத்துக்கு வித்திட்டவர் யார் தெரியுமா? சிதம்பரம் நடராஜர் ஆடும் பரதக் கலைக்குப் பள்ளி கண்ட கலாக்ஷேத்திரா ருக்மிணிதேவி அருண்டேல்தான். டெல்லி மேல்சபையில் தனி மசோதா கொண்டுவந்து போராடினார். அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு வாக்குக் கொடுத்த பிறகே அதைத் திரும்பப் பெற்றார். பிராணிகளிடம் அத்தனை கருணை கொண்டவர் வித்திட்ட அதே சட்டத்தில், உயிரோடு வைத்திருப்பதே கொடுமை என்னும் நிலையில் உள்ள பிராணியை வேதனை இல்லாமல் முடித்துவைக்கவும் வழி இருக்கிறது.

ஊசி போடும்போது

முதலில் மயங்குவதற்கு ஒரு ஊசி. பிறகு முன்னங்கால் ரத்தக் குழாயில், ஆபரேஷனுக்குக் கொடுக்கும் மயக்க மருந்தையே அளவுக்கு மேல் செலுத்துகிறார்கள். சில விநாடிகளில் நினைவு போய்விடும். சில நிமிடங்களில் இதயம் நின்றுவிடும். கண் திறந்தபடியே இருக்கலாம். கடைசியில் ஒரு இழுப்பு மூச்சு வரலாம். சிறுநீர் போகலாம். அப்போது நாய்க்கு உணர்வு இல்லை. பார்க்கிறவர்கள் பயப்பட வேண்டாம்.

சிலர் நாயை மேஜையில் விட்டுவிட்டு வெளியே போய் நின்றுவிடுகிறார்கள். பார்க்க மனசு வராது என்பது வாஸ்தவம்தான். ஆனால் தெரியாத இடத்தில், தெரியாத ஆட்கள் நடுவே, அது தேடுவது ஒரே ஒரு முகத்தைத்தான்.

முதுநகர் வீட்டில் காலண்டரில் வரிசையாக ஐந்து பெருக்கல் குறி விழுந்தது. ஆறாவது நாள் மணி பாலையும் தொடவில்லை. அன்று அந்த அம்மாளே வாயைத் திறந்தார்: "அது படற பாட்டப் பாக்க முடியலீங்க. டாக்டர வரச் சொல்லுங்க."

மகள் சிதம்பரத்தில் இருந்து காலை ரயிலில் வந்தாள். புயல் அன்று குட்டி வந்து ஒண்டிய அதே திண்ணையில் பழைய சேலையை விரித்தார்கள். டாக்டர் கேட்டார்: "யார் தலையைப் பிடிச்சுக்கிறீங்க?" குமாஸ்தா உட்கார்ந்தார். "மணி" என்றார். வால் ஒரு தட்டுத் தட்டியது.

கொல்லையில் குழி தோண்டினார்கள். ஆழமாகத் தோண்டச் சொல்லியிருந்தார் டாக்டர். அந்த மருந்து ஏறிய உடலைத் தின்றால் காக்கையும் நாயும் சாகும். கெடிலம் கரையில் வீசிவிட்டு வரலாம் என்று நினைக்கவே கூடாது. ஒரு படி உப்பைப் போட்டு மண்ணை மூடினார்கள். கடற்கரை மண் இளகி இருந்ததால் மேலே இரண்டு கல்லையும் வைத்தார்கள்.

பால்காரரிடம் தினமும் வாங்கும் பாலில் கால் லிட்டரைக் குறைக்கச் சொல்ல அந்த அம்மாளுக்கு ஒரு வாரம் ஆயிற்று.