தூறல் நேரத்திலும் இடி விழும்

கனமழை கடந்து வெறும் தூறல் விழுகிறபோது, 'இடி போய்விட்டது' என்று மாட்டை அவிழ்க்கக் கிளம்புவோர் உண்டு. இது ஆபத்தான பழக்கம். அமெரிக்கச் சமவெளியில் பாய்ந்த ஒரு மின்னல் இதற்குச் சான்று.

2017 அக்டோபர் 22-ந் தேதி டெக்சாஸ் மாநிலத்தின் கிழக்கே தோன்றிய அம்மின்னல், கான்சாஸ் சிட்டி நகர் அருகே வரை ஓடியது. நீளம் 829 கிலோமீட்டர்! உலகிலேயே மிக நீண்ட மின்னல் இதுவே என்று உலக வானிலை அமைப்பு 2025 ஜூலையில் அறிவித்தது. சாதாரண மின்னல் 15 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும்.

அந்தச் சமவெளியில் பல இடிமேகங்கள் ஒன்றுசேர்ந்து, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரே கூட்டமாகி, இரவு முழுவதும் நகர்வதுண்டு. முன்வரிசையில் உயர்ந்த மேகங்கள். அங்கே பெருங்காற்றும் கனமழையும் இருக்கும். பின்னால் பாய் விரித்தாற்போல் தட்டையான மேகம்; அதில் மெல்லிய மழைதான். முன்வரிசையில் பனித்துகள்களும் மென்மையான ஆலங்கட்டிகளும் மோதி மின்னேற்றம் பெறுகின்றன. அந்தத் துகள்கள் காற்றில் பின்னோக்கிச் சென்று, தட்டை மேகத்தில் அடுக்கடுக்காகப் பரவுகின்றன. ஒரு மின்னல் கிளம்பினால் அந்த அடுக்கு வழியே பக்கவாட்டில் ஓடும். ஓடும் வழியில் பல இடங்களில் தரைக்கும் கிளை விடும். தூறல் பகுதியில் இடி விழுவதன் காரணம் இதுதான்.

தரையில் உள்ள கருவிகளின் பார்வைக்கு இவ்வளவு நீளம் அடங்காது. 2016 நவம்பரில் ஏவப்பட்ட கோஸ்-16 செயற்கைக்கோள், சுமார் 35,800 கிலோமீட்டர் உயரத்திலிருந்து விநாடிக்கு 500 படம் எடுத்தது. பகல் வெளிச்சத்திலும் மின்னலைப் பிரித்தறியும் கருவி அது. அப்படியும் முதல் ஆய்வில் இந்த மின்னல் சிக்கவில்லை. பழைய பதிவுகளை மறுபடி அலசியபோதுதான் அகப்பட்டது! 2020 ஜூன் 18-ல் உருகுவே, வட அர்ஜென்டினா வானில் ஒரு மின்னல் 17.1 விநாடி நீடித்ததையும் செயற்கைக்கோள்தான் காட்டிக்கொடுத்தது.

கடைசி இடியோசை கேட்டு 30 நிமிடம் கழியும் வரை வயலில் இறங்கக் கூடாது. மின் இணைப்பும் குழாய் இணைப்பும் உள்ள உறுதியான கட்டடமே தக்க புகலிடம். உலோகக் கூரையுள்ள மூடிய காரும் பாதுகாப்பு தரும். மரத்தடி, கூரைக் கொட்டகை, மேல்மூடி இல்லாத டிராக்டர் ஆகியவை உதவா. அந்த அரைமணி நேரமும் பம்புசெட் சுவிட்சைத் தொடாதிருப்பது நன்று.