கொக்கிளாய்க் கரையில் பணக்கார வியாதிகள்

பெயர் மாறாத வியாதி

சலரோகத்தையும் இரத்த அழுத்தத்தையும் பணக்கார வியாதிகள் என்று வழங்கிய காலம் ஒன்று இருந்தது. ஏவலாட்கள் சூழச் சாய்மனைக் கதிரையில் அமர்ந்து, நெய்யும் சீனியும் குறைவின்றி உண்டவர்களுக்கே அவை உரியன என்றும், வெயிலிலும் உப்புக்காற்றிலும் தேகத்தை வருத்திய கடற்றொழிலாளருக்கும் கமக்காரருக்கும் அவற்றோடு யாதொரு சம்பந்தமும் இல்லை என்றும் நம் பெரியோர் நம்பியதில் அக்காலத்துக்குரிய நியாயம் இருக்கத்தான் செய்தது. இன்றோ இலங்கையில் நிகழும் மரணங்களிற் பத்தில் எட்டுக்குக் காரணமாய் நிற்பவை தொற்றாத நோய்களே. அவற்றின் வலையிலிருந்து, முல்லைத்தீவு மாவட்டத்தின் தென்கோடியிற் களப்புக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் கொக்கிளாய் மட்டும் தப்பியிருக்கும் என்று எண்ணுவதற்கு இடமில்லை.

ஊர் மாறியது, அடுப்பும் மாறியது

இவ்வியாதிகளைப் பற்றிப் பேசுவோர், "சோம்பல்" என்ற ஒரு சொல்லோடு விஷயத்தை முடித்துவிடுகிறார்கள். கொக்கிளாய் மக்களின் சரித்திரத்தை அறிந்தவர்கள் அவ்வாறு சொல்லத் துணியமாட்டார்கள். 1984ஆம் ஆண்டு மார்கழியில், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி ஆகிய அயற்கிராமங்களோடு சேர்ந்து இவ்வூரும் வெறிச்சோடிப் போயிற்று. கால் நூற்றாண்டுக்கு மேலாக முள்ளியவளை முதலிய இடங்களில் அகதிகளாய் அலைந்து, 2004இல் ஆழிப்பேரலையையும் 2009இல் போரின் இறுதியையும் கண்டபின்னரே மக்கள் தம் மண்ணுக்குத் திரும்பினர். இந்த நெடிய அலைச்சலில் வீடுகள் அழிந்ததை யாவரும் அறிவர். உணவு அழிந்ததை அறிந்தவர் சிலரே.

மானாவாரி வயலில் விளைந்த நெல்லைப் புழுக்கி, உமி போக்கித் தவிடு போக்காது இடித்த சிவப்பரிசியும், குரக்கனும், ஒடியற் கூழும், களப்பிற் பிடித்த மீனும் இறாலும், வேலியோரத்து முருங்கையிலை வறையும் உண்டு வளர்ந்த தேகங்கள், முகாம்களில் நிவாரணமாகக் கிடைத்த வெள்ளையரிசிக்கும் கோதுமை மாவுக்கும் சீனிக்கும் எண்ணெய்க்கும் பருப்புக்கும் பழகின. அன்று உயிர்காத்த அவ்வுணவை நிந்திப்பது நன்றிகேடாகும். ஆனால் ஆபத்துக் காலத்துக்கு வந்த ஆகாரம், ஆபத்து நீங்கிய பின்னும் அடுப்படியை விட்டு எழுந்து போகவில்லை. முன்னோர் உழுத வயல்களிற் பல இன்னும் கைக்கு வராத நிலையில், அரிசி என்பது கொட்டிலிலிருந்து எடுப்பதாக இல்லாமற் கடையில் வாங்குவதாயிற்று. கடையில் மலிவாகவும் வேகமாகவும் கிடைப்பதோ வெள்ளை மா. திருகோணமலைச் சீனக்குடாவில் 1980இல் இயங்கத் தொடங்கிய பெரும் மாவாலையின் சரக்கு, பாணாகவும் ரொட்டியாகவும் கோதுமைமாப் புட்டாகவும் நாடெங்கும் பரவியதன் பின்னர், காலையில் அரிசிமா இடித்து வறுப்பதற்கு யாருக்குத்தான் பொறுமை வரும்?

உழைப்பின் கதையும் இதுவே. கரைவலையை வளைத்துவிட்டு, இரு புறத்துக் கயிற்றையும் பற்றி, மணலிற் குதிகாலைப் புதைத்துப் பின்னோக்கி அடிமேல் அடியெடுத்து, அம்பாப் பாடி மணிக்கணக்காக இழுத்த வேலைக்கு வேறு தேகப்பயிற்சி தேவைப்பட்டதில்லை. முல்லைத்தீவுக் கரைகளில் உழவு இயந்திரத்தைப் பூட்டி வலையிழுக்கும் வழக்கம் வந்து, அது தடைக்கும் பிணக்குக்கும் உரிய சங்கதியாகி விட்டது. தண்டு வலித்த கைகள் இயந்திரப் படகின் பிடியைத் திருப்புகின்றன. கடைக்குப் போவதற்கும் மோட்டார் சைக்கிள். உழைப்பின் கொடுமை குறைந்ததில் எனக்கு மகிழ்ச்சியே. மனிதன் மாடாய் உழைக்க வேண்டும் என்பது என் வாதமன்று. எனினும் உழைப்புக் குறைந்த அளவுக்குச் சோறு குறையவில்லை. எஞ்சிய சத்துக் கொழுப்பாகி, அதிலும் வயிற்றின் உட்புறத்தே குடல்களைச் சூழ்ந்து படிந்து, இன்சுலினின் வேலையைத் தடுத்துச் சலரோகத்துக்கு வழி திறந்துவிடுகிறது.

கருவாடும் இரத்தக் குழாயும்

மீனின் வயிற்றைக் கீறிக் குடல் நீக்கி, சதையை வரிவரியாய் வகிர்ந்து, ஒவ்வொரு வகிரிலும் கல்லுப்பை விரலால் அமுக்கி, ஓரிரவு ஊறவைத்துப் பின் வெயிலிற் பரப்புகின்ற காட்சியைக் கரையோரத்திற் கண்டவர்களுக்கு, கருவாட்டுக் குழம்புக்கு வேறு உப்புப் போடுவது எத்துணை அனாவசியம் என்பது விளங்கும். ஆயினும் போடுகிறோம். அதனோடு ஊறுகாய், மோர்மிளகாய், கடைப் பலகாரம் என்று உப்பு பல வேடங்களில் உள்ளே நுழைகிறது. உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைந்த உப்பே போதும் என்கிறது. அது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி.

உப்பு மிகும்போது உடல் நீரைப் பிடித்து வைக்கிறது. இரத்தத்தின் கனவளவு பெருகுகிறது. குழாய்ச் சுவர்கள் இறுகுகின்றன. இருதயம் அதிக விசையோடு தள்ளவேண்டியதாகிறது. இதில் விபரீதம் யாதெனில், வலியோ காய்ச்சலோ இன்றி இவையெல்லாம் ஆண்டுக்கணக்கில் நடந்தேறுவதுதான். 140க்கு 90 என்ற அளவையோ அதற்கு மேலோ தொடர்ந்து காட்டும் அழுத்தத்தோடு வலை தெரிந்துகொண்டிருப்பவர், ஒரு நாள் வாய் கோணிக் கை சோர்ந்து விழும்போதே வீட்டார் விழிக்கிறார்கள். அப்போது நாயாறு, செம்மலை, அளம்பில் கடந்து முல்லைத்தீவு வைத்தியசாலைக்குப் போய்ச் சேரும் நேரமும் உயிரின் கணக்கிற் சேர்கிறது.

இங்கே ஒன்றைச் சொல்லிவைத்தல் தகும். அயலிலுள்ள பதவியா, வெலிஓயாப் பகுதிகளில் உழவரைப் பீடிக்கும் சிறுநீரக நோய் வேறு. அதன் காரணம் இன்னும் தீர்மானமாகவில்லை. உயர் அழுத்தமும் சலரோகமும் சிறுநீரகத்தைக் கெடுப்பது நிச்சயமாகத் தெரிந்த விஷயம், தடுக்கக்கூடிய விஷயமுங்கூட.

சிவப்புப் பொட்டு

சோடாப் போத்தல்களின் மேல் உள்ள நிறப்பொட்டைப் பலர் அலங்காரம் என்று எண்ணியிருக்கிறார்கள். 2016 ஆவணி முதல் அமுலுக்கு வந்த சட்டப்படி, 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேற் சீனி உள்ள பானத்துக்குச் சிவப்பு, 2 கிராமுக்குக் குறைந்ததற்குப் பச்சை, இடைப்பட்டதற்கு மஞ்சள். தேத்தண்ணிக்கு அத்தகைய பொட்டு இல்லை. நாளுக்கு ஐந்து முறை, முறைக்கு இரண்டு கரண்டி சீனி போட்டுக் குடிப்பவர் நாற்பது கிராமைத் தேத்தண்ணியிலேயே விழுங்கிவிடுகிறார். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடித்த பழைய வழக்கத்தில், நாக்குக்கு இனிப்பும் கைக்குக் கட்டுப்பாடும் ஒருங்கே இருந்தன; பனங்கட்டியும் சீனியின் இனமே ஆதலால், அளவு மீறினால் அதுவும் தீங்கே.

கருவிலே பட்ட பசி

1944-45 குளிர்காலத்தில் ஜேர்மானியரின் முற்றுகையால் ஒல்லாந்தின் மேற்குப் பகுதியிற் கொடும் பஞ்சம் உண்டாயிற்று. அப்போது கருவில் இருந்த பிள்ளைகளை மருத்துவ அறிஞர்கள் பிற்காலத்திற் பரிசோதித்தபோது, அவர்களுடைய உடல் சீனியைக் கையாளும் ஆற்றல் குன்றியிருக்கக் கண்டனர். கருவின் முதல் மாதங்களிலேயே பஞ்சத்துக்கு ஆளானவர்களிடம் உடற்பருமனும் இருதய நோயும் மிகுந்திருந்தன. கருவிலே பசியறிந்த உடல் கிடைத்ததையெல்லாம் சேமிக்கப் பழகி, பின்னர் நிறைவு வந்தபோதும் அப்பழக்கத்தை விடுவதில்லை போலும். போரின் இறுதி நாட்களில் முள்ளிவாய்க்காலில் உப்புக் கஞ்சியை உண்டு உயிர்தரித்த தாய்மாரின் பிள்ளைகள் இன்று இளைஞராகி வருகிறார்கள். அவர்கள் கையிற் சோடாவும் பொரித்த பலகாரமும் மலிவாய்க் கிடைக்கும்போது, மற்றோரினும் கூடிய அவதானம் அவர்களுக்கு வேண்டும் என்று அஞ்சுவது மிகையன்று.

அளந்து பார்த்தல்

மேலை நாட்டாருக்கு வகுத்த எடைக் கணக்கு நமக்குப் பொருந்தாது. கிலோகிராமில் உள்ள நிறையை, மீற்றரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தாற் பிரித்து வரும் எண், ஆசிய மக்களுக்கு 23ஐத் தாண்டும்போதே அபாயம் ஆரம்பமாகிறது. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரை மீறலாகாது. கைகால்கள் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளிய தேகமே நம்மவரிடம் அதிகம். அதைச் செழிப்பு என்று மெச்சுவதை நாம் நிறுத்தவேண்டும். அரசாங்க வைத்தியசாலைகளை ஒட்டி 2011 முதல் ஏற்படுத்தப்பட்ட ஆரோக்கிய வாழ்வு நிலையங்களில், 35 வயதைக் கடந்தோருக்கு அழுத்தமும் சீனியும் இலவசமாகப் பார்க்கிறார்கள். குளிசை தந்தால், உடம்பு சுகமாய் இருக்கிறதென்று தாமாக நிறுத்துவதும், அயலாரின் குளிசையை இரவல் வாங்குவதும் கூடா.

பின்லாந்தின் வட கரேலியா என்னும் வறிய மாகாணத்தில், இருதய நோயால் ஆண்கள் நடுவயதிலேயே மடிந்துகொண்டிருந்த நிலையில், 1972இல் ஓர் இயக்கம் தொடங்கிற்று. வெண்ணெயையும் உப்பையும் புகையிலையையும் குறைக்கும்படி வைத்தியர்கள் மாத்திரம் சொல்லியிருந்தால் அது வெறும் உபதேசமாய் முடிந்திருக்கும். அங்குள்ள மாதர் சங்கங்கள் சமையலையே மாற்றிக் காட்டின. நாற்பதாண்டுகளில், உழைக்கும் வயதினரிடையே இருதய நோய் மரணம் ஐந்தில் நான்கு பங்குக்கு மேற் குறைந்தது. கொக்கிளாயிலும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் கூடும் நாளில் சிவப்பரிசிமாப் புட்டை அவித்துப் பரிமாறுங்கள். கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து அந்த நீரைக் கொட்டிவிட்டுச் சமையுங்கள். 35 வயதைக் கடந்தவர்கள் அழுத்தம் பார்க்கச் செல்லும்போது, வீட்டிற் சமைப்பவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.