கன்றுக்கு முன்னால் வாய்க்கால்

பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் படகு வெண்கண்டல் மரங்களை உரசிக்கொண்டு போகும்போது ஓர் இலையைத் தொட்டு விரலை நாக்கில் வைத்துப் பாருங்கள். கரிக்கும். உறிஞ்சிய உப்பை இலை வழியே கக்கித்தான் அந்த மரம் பிழைக்கிறது. வெயில் ஏறினால் இலைமேல் உப்பு பொடிப்பொடியாகப் பூத்திருப்பது கண்ணுக்கே தெரியும். உயிருள்ளவை, உயிரற்றவை என்று பள்ளிக்கூடத்தில் கோடு போட்டுப் பிரித்து எழுதினோமே, அந்தக் கோட்டை இந்த இலையில் எங்கே போடுவது?

சினிமாவும் சுனாமியும் இந்தக் காட்டைப் பற்றி வேண்டிய மட்டும் சொல்லிவிட்டன. நான் சொல்ல வந்தது சேற்றின் கதை.

வெள்ளைக்காரர் காலத்தில் இந்தக் காட்டைக் கூறு போட்டு, முறை வைத்து மொட்டையாக வெட்டினார்கள். நிழல் போனதும் சேறு வெயிலில் காய்ந்து அமுங்கி, தரை தாம்பாளம்போலக் குழிந்தது. ஓதத்தில் ஏறிய கடல்நீர் வற்றத்தில் இறங்க வழியில்லாமல் அங்கேயே தேங்கியது. தண்ணீர் ஆவியாகிவிட, உப்பு தங்கியது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு; குழியில் அதையும் தாண்டிப் போயிற்று. வெண்கண்டலே தாங்காத உப்பு. வெட்டு நின்ற பிறகும் அந்த இடங்களில் காடு தானாக முளைக்கவில்லை.

1990-களில்தான் வழி பிறந்தது. முதலில் கன்றைத் தொடவில்லை, வாய்க்கால் வெட்டினார்கள். நடுவில் பெரிய வாய்க்கால், இரு பக்கமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள், மீன் முள்ளைப்போல. ஓதம் தாராளமாக ஏறி இறங்கி, உப்பைக் கழுவிக்கொண்டு போனது. அதன்பின் நட்ட கன்றுகள் பிடித்தன.

இது தெரிந்திருந்தும் கடலோரத்தில் நடக்கும் விழாக்களில் எத்தனை ஆயிரம் கன்று என்றுதான் பலகை வைக்கிறோம். இங்கே தண்ணீர் ஏறி இறங்குகிறதா, சேற்றில் உப்பு எவ்வளவு என்று யாரும் எழுதி வைப்பதில்லை. கன்று நட்டால் மக்களுக்குக் காட்டின்மேல் பற்று வரும் என்பவர்கள் உண்டு. வரட்டும். கன்று பட்டுப்போனால் அந்தப் பற்றும் பட்டுப்போகுமே என்பதுதான் என் கவலை.

அதைவிடப் பெரிய கவலை நல்ல தண்ணீர். 1934-ல் மேட்டூர் அணை வந்தது. அதன்பின் ஆற்றிலும் வாய்க்காலிலும் எத்தனையோ தடுப்புகள். வடகிழக்குப் பருவமழை மாதங்களை விட்டால் இந்தக் காட்டுக்கு ஆற்று நீர் அரிது. கடலுக்குப் போகும் தண்ணீரை ‘வீண்’ என்று சொல்லியே பழகிவிட்டோம். அந்தத் தண்ணீர்தான் உப்பைத் தணிக்கிறது, வண்டல் கொண்டுவருகிறது, முகத்துவாரத்தை அடைக்கும் மணலைத் தள்ளித் திறக்கிறது. முகத்துவாரம் திறந்திருந்தால்தான் கடலில் பிறந்த இறால் குஞ்சு உள்ளே வந்து, உதிர்ந்து மக்கிய இலையைத் தின்று வளரும்.

படகில் இருந்தபடியே உப்பின் கணக்கைப் படிக்கலாம். வாய்க்கால் கரையை ஒட்டிப் பெரும்பாலும், அவ்வளவு உப்பு தாங்காத சுரபுன்னை, வேர்க்கால்களை ஊன்றி நிற்கிறது. அதற்குப் பின்னால் வெண்கண்டல். இன்னும் பின்னால், ஓதம் எப்போதாவது எட்டும் மேட்டில், முழங்கால் உயர உமிரிச் செடிகள்.